ஓர் எஞ்சின் நின்றுவிட்டால்



2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைக்கும் பலாலிக்கும் இடையே பிரயாணிகள் சேவை தொடங்கிற்று. அதற்கென வந்தது இரண்டு எஞ்சின்கள் பூண்ட ஏ.டி.ஆர். 72 வகை விமானம். அதில் ஏறி அமர்ந்த பலருடைய உள்ளத்திலும் ஒரு வினா எழுந்திருத்தல் கூடும். நிலத்தை விட்டு எழும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் நம் கதி யாது?

விமானம் விழுந்தே தீரும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. இன்றைய பிரயாணிகள் விமானம் ஒவ்வொன்றும் ஓர் எஞ்சின் ஓய்ந்தபோதும் மற்றதன் வலிமையால் மேலெழும்பத் தக்கதாகவே அமைக்கப்படுகின்றது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னர், எடையையும் ஓடுபாதையின் நீளத்தையும் காற்றையும் கணித்து, ஒரு வேகத்தை வரையறுத்துக்கொள்கின்றனர். அவ்வேகத்தை எட்டுமுன் எஞ்சின் பழுதானால் விமானத்தை நிறுத்திவிட வேண்டும். எட்டிய பின்னராயின் மேலெழுந்தே ஆகவேண்டும்.

அங்ஙனமாயின் மக்கள் மாண்டது எதனால்?

1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள், பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது இந்தியன் எயர்லைன்ஸ் கரவெல் விமானம். எழுந்த சிறிது நேரத்தில் ஓர் எஞ்சினின் உள்ளே சுழலும் உலோகத் தட்டு பிளந்தது. எரிபொருட் குழாய் அறுந்து தீ மூண்டது. விமானி உடனே திரும்பினார். ஆயினும் விமானத்தை இயக்கும் திரவத்தைத் தீ அழித்தமையால், ஓடுபாதையை அணுகுகையில் விமானம் கட்டுக்கடங்காது வீழ்ந்தது. 95 பேரும் இறந்தனர். நடிகை ராணி சந்திரா அவர்களுள் ஒருவர். நாள்தோறும் சுழன்று சோர்ந்த உலோகத்தில் தோன்றிய வெடிப்பே அத்தனைக்கும் மூலம்.

2015ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் தாய்பேயில் நேர்ந்தது வேறு. அதுவும் ஏ.டி.ஆர். 72 விமானமே. எழுந்தவுடன் வலப்பக்க எஞ்சின் உந்துவிசையை இழந்தது. இடப்பக்க எஞ்சினுக்கோ ஒரு குறையுமில்லை. பதற்றத்தில் விமானி அந்த நல்ல எஞ்சினை நிறுத்திவிட்டார்! தவற்றை உணர்ந்து மீண்டும் இயக்க முயன்றபோது காலம் கடந்துவிட்டது. 58 பேருள் 43 பேர் மாண்டனர். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டது என்பதற்காக, இழுக்கின்ற மாட்டை அவிழ்த்துவிட்டதற்கு ஒப்பானது அச்செயல். புறப்படும் வேளையில் எஞ்சின் நின்றால் செய்யவேண்டியதைச் சோதிக்கும் பயிற்சியில், அந்த விமானி முந்திய ஆண்டில் ஒருமுறை தேறவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது.

முதலாவதில் கண்ணுக்குத் தப்பியது ஒரு வெடிப்பு. இரண்டாவதில் கைக்குத் தப்பியது நிதானம். வானில் நேர்ந்த இவ்விரு விபத்துக்களின் வேரும் நிலத்திலேயே இருந்தது. வெடிப்பைக் கண்டறிய வேண்டிய இடம் பழுதுபார்க்கும் கூடம்; நிதானத்தைப் பழக வேண்டிய இடம் பயிற்சிக்கூடம்.

ஆதலால் நேயர்களே, சோதனையின் பொருட்டு விமானம் தாமதிக்கின்றது என்ற அறிவித்தல் கேட்குமாயின் முகம் சுளியாதிருப்போம். ஐயம் தீருமட்டும் விமானத்தை நிலத்தில் நிறுத்திவைக்கும் பொறியியலாளர், நம் பிரயாணத்தைத் தடுப்பவரல்லர், நம்மை வீடுசேர்ப்பவர்.