ஏ.டி.பி. சொல்லும் சேதி

ஏ.டி.பி. என்றால் செல்லின் எரிபொருள் என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம். அதுவே செல்லுக்கு வெளியே வந்து சேதி சொல்லும் என்று 1972-ல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் எழுதியபோது பலர் நம்பவில்லை.

சேதி கேட்கும் காதுகள்தான் பியூரின் ஏற்பிகள். ரத்தத் தட்டணுக்களின் பி2ஒய்12 ஏற்பி கேட்பது, ஒரு பாஸ்பேட் குறைந்த தம்பி ஏ.டி.பி.யின் குரலை. (தமிழில் எழுதினால் அண்ணன் தம்பிக்கு ஒரே பெயர், என்ன செய்ய!) கேட்டதும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும், ரத்தம் கட்டும். குளோபிடோக்ரல் அந்தக் காதைப் பொத்துகிறது. மருந்து 1997-லேயே வந்தது. எந்த ஏற்பி என்பது 2001-ல்தான் பிடிபட்டது.

ஸ்டென்ட் வைத்த அப்பாக்கள் ‘நல்லாத்தானே இருக்கேன்’னு மாத்திரையை நிறுத்திடறாங்க. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டினால் மாரடைப்புதான். டாக்டரைக் கேட்காம நிறுத்த விடாதீங்க. வயிறு எரியுதுன்னு கடையில் ஒமிப்ரசோல் வாங்கிப் போட்டாலும் குளோபிடோக்ரலின் பலன் குறையும். அதையும் வீட்டில் சொல்லுங்க.