ஜெயித்தவன் கையில் செலவுக் கணக்கா?



சர்க்கார்மீது வழக்குப் போட்டு ஜெயித்தவனுக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் சட்டம் படித்தவனல்ல. ஆனாலும் இது வக்கீல்களுக்கு மட்டும் சொந்தமான விஷயமல்ல. பணமில்லாதவனுக்கு நியாயம் உண்டா இல்லையா என்கின்ற விஷயமாகும். அமெரிக்காவில் நடந்திருப்பதையே இதற்கு உதாரணமாக எடுத்துக் கொள்ளுகிறேன்.

இங்கிலாந்தில் தோற்றவன் ஜெயித்தவனுடைய செலவையும் கொடுப்பது பொது வழக்கம். அமெரிக்காவிலோ அவனவன் வக்கீலுக்கு அவனவனே கொடுத்துக் கொள்ள வேண்டியது. இரண்டு வியாபாரிகள் வியாஜ்ஜியமாடினால் இதில் பெரிய கெடுதியில்லை. ஒரு பக்கம் கூலிக்காரனும், மற்றொரு பக்கம் மாகாண சர்க்காரும் நின்றால் என்ன ஆகும்? சர்க்கார் வக்கீலுக்குக் கஜானா இருக்கிறது. ஏழை எதைக் கொடுப்பான்? அவன் கேட்பது நஷ்ட ஈடாயில்லாமல், “இந்த அக்கிரமத்தை நிறுத்து” என்கின்ற உத்தரவு மாத்திரமானால், ஜெயித்தாலும் ஒரு காசும் கைக்கு வராது. அப்படியானால் எந்த வக்கீல் அவன் வழக்கைத் தொடுவான்?

தங்களுக்குச் சட்டத்தின் அனுமதியில்லாமல் இம்மாதிரிச் செலவை வாங்கித் தர முடியாதென்று 1975-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. உடனே 1976-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை, சிவில் உரிமை வழக்கில் ஜெயித்தவனுக்கு நியாயமான வக்கீல் பீஸை எதிரியிடமிருந்து வாங்கிக் கொடுக்கலாமென்று சட்டம் செய்தது.

அர்க்கான்சாஸ் மாகாணச் சிறையில் 8 அடிக்கு 10 அடி, ஜன்னலில்லாத அறையில் சராசரி நாலு பேரையும், சில சமயம் பத்துப் பதினோரு பேரையும் அடைத்து, நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவான ஆகாரம் போட்டார்கள். கைதிகள் ஜெயித்தார்கள். கீழ்க்கோர்ட்டு 20,000 டாலர் பீஸ் விதித்தது. மாகாணமோ, தன் அனுமதியில்லாமல் தன் கஜானாவைத் தொடக் கூடாதென்று வாதாடியது. ராஜா தப்புச் செய்ய மாட்டான் என்கின்ற பழைய மூடநம்பிக்கையின் பேரனல்லவா இந்த வாதம்? 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது.

“ஜனங்களின் வரிப்பணத்தை வக்கீல் தின்பதா?” என்று சிலர் கேட்பார்கள். அக்கிரமத்தைக் காப்பாற்ற சர்க்கார் வக்கீல் வாங்கியது யார் பணம்? அதுவும் வரிப்பணந்தானே! அதற்கு வராத கண்ணீர் இதற்கு மட்டும் ஏன் வருகிறது? செலவு வேண்டாமென்றால் அக்கிரமம் செய்யாமலிருப்பதுதானே!

இனி புதிய கதையைக் கேளுங்கள். வர்ஜீனியா மாகாணத்தில் கோர்ட்டு அபராதம் கட்டாதவர்களின் மோட்டார் ஓட்டும் லைசென்சை, கட்ட அவர்களுக்குச் சக்தியுண்டா என்றுகூடக் கேளாமல் ரத்து செய்து வந்தார்கள். லைசென்சு போனால் வேலைக்குப் போக வழியில்லை. வேலை போனால் அபராதம் கட்டப் பணமேது? பாதிக்கப்பட்ட ஏழைகள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் கோர்ட்டு அவர்களுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கொடுத்தது. கடைசி விசாரணை முடிவதற்குள், 2020-ல் மாகாணச் சட்டசபை அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. வழக்கும் தள்ளுபடியாயிற்று. ஏழைகள் கேட்டது கிடைத்தது. ஆனால் வக்கீல் பீஸ்? 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஏழுக்கு இரண்டு என்கின்ற கணக்கில், இடைக்காலத் தடை நிலையான வெற்றியல்ல, ஆகையால் பீஸ் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதன் பலனென்ன? சர்க்கார் வருஷக்கணக்காக வழக்காடலாம். தோல்வி நிச்சயமென்று தெரிந்தவுடன் சட்டத்தை மாற்றிக் கொண்டு, ஒரு டாலரும் கொடுக்காமல் போய்விடலாம். இந்த அபாயத்தைத்தான் மாறுபட்ட இரண்டு ஜட்ஜுகளும் எடுத்துக் காட்டினார்கள். தவறான சட்டத்தை சர்க்கார் தானாகத் திருத்திக் கொள்வதைத் தடுக்கக் கூடாது என்பார்கள். திருத்தட்டும், நல்லதுதான். ஆனால் திருந்த வைத்தவன் கூலியை யார் கொடுப்பது?

தோழர்களே! சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. 1976-ல் எழுதியதும் மனிதர்கள். அதற்கு 2025-ல் இப்படி அர்த்தம் சொன்னதும் மனிதர்கள். ஆகவே அந்நாட்டுச் சட்டசபை மனம் வைத்தால் நாளைக்கே மாற்றி எழுதலாம். உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறோமென்று எந்த சர்க்கார் சொன்னாலும், “அதைக் கேட்டு வாங்கும் செலவு யாருடையது?” என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதிலில்லாத உரிமை, சாவியில்லாமல் கொடுத்த பெட்டியேயாகும் என்று சொல்லி, என் வார்த்தைகளை முடித்துக் கொள்ளுகிறேன்.