பல் கட்டுவதற்கு முன் பக்கத்துப் பல்லைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குயிலாப்பாளையத்தில் சிகிச்சை அளிக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

போன வாரம் நம் குடியிருப்பு அம்மா ஒருவர் கேட்டார்: "ஒரு பல்லுதானே டாக்டர் போச்சு, மூணு பல்லுக்குக் காசு கேக்கறீங்களே?" நியாயமான கேள்வி.

பிரிட்ஜ் என்றால் பாலம். விழுந்த பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சீவி, கேப் போட்டு, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுகிறோம். ஆக மூன்று பல். எந்த மாதிரி கட்டுவது என்பதை இடைவெளி முடிவு செய்வதில்லை. தூணாக நிற்கும் பற்களே முடிவு செய்கின்றன. அதனால்தான் முதலில் எக்ஸ்ரே எடுத்து, வேரின் நீளம், எலும்பு, ஈறு எல்லாம் பார்க்கிறோம்.

1926-இல் இர்வின் ஆன்டி என்ற மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: தூண் பற்களின் வேர்ப்பரப்பு, விழுந்த பல்லின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ப்பரப்பு சராசரியாகச் சுமார் 430 சதுர மில்லிமீட்டர். அதற்கு முன்னால் உள்ள சிறிய பல்லுக்குச் சுமார் 200, பின்னால் உள்ளதற்குச் சுமார் 425. இரண்டும் சேர்ந்தால் தாராளமாகத் தாங்கும். இன்று இதை யாரும் இரும்புச் சட்டமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அடிப்படை அதுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே தவறியிருக்கிறேன். பின்பல் இல்லாத ஒருவர் வற்புறுத்தினார் என்று, முன்னால் இருந்த சிறிய பல் ஒன்றிலேயே கடைவாய்ப் பல்லைத் தொங்கவிட்டேன். இரண்டு வருடத்தில் அந்தத் தூண் பல்லே உடைந்தது. ஒரு பல் போன இடத்தில் இரண்டு போயிற்று.

முன்பல் கதை வேறு. அங்கே மெல்லும் பாரம் குறைவு. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒரே ஒரு சிறகை ஒட்டிக் கட்டலாம். சீவுவது மிகக் குறைவு. இரண்டு பக்கமும் ஒட்டினால் உறுதி கூடும் என்று தோன்றும். ஆனால் இரண்டு பற்களும் அசைவது ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் நமக்குத் தெரியாது; உள்ளே சொத்தை பிடிக்கும்.

சீவிய எனாமல் திரும்ப வளராது. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்போ ரூட் கெனாலோ செய்தவை என்றால் கேப் போடுவது அவற்றுக்கும் நல்லது. இரண்டுமே நல்ல பற்கள் என்றால் இம்ப்ளான்ட் பற்றியும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தூண் பற்கள் தாங்குமா? சீவாமல் வேறு வழி உண்டா? கட்டிய பல்லுக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது? சந்தேகம் இருந்தால் கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்தில் இன்னொரு கருத்து கேட்கலாம். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், நானும்தான்.