நோன்பும் குருதிச் சர்க்கரையும்
(தசலட்சணப் பெருவிழாவில் ஆற்றிய உரை)



பொருநை கடலொடு கலக்கும் புன்னக்காயலில் 16ஆம் நூற்றாண்டிலேயே அன்றிக் அடிகளார் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நோயுற்றார்க்கு உதவுதல் எல்லாச் சமயத்தார்க்கும் ஒத்த அறம். நம் சமயம் அதனை ஔடத தானம் என நாற்கொடைகளுள் வைத்தது. அக்கொடையை நம் இல்லத்து நீரிழிவு நோயாளரிடமிருந்து தொடங்குவோம்.

கதிரவன் மறைந்தபின் உண்ணாமை நம் ஒழுக்கம். மருத்துவரோ, 'இரவு உணவுக்கு முன்' என்று மருந்துச்சீட்டில் எழுதுகிறார். மாலை 6 மணிக்குள் உண்டு முடித்தவர் அம்மாத்திரையை இரவு 9 மணிக்கு விழுங்கினால் என்னாகும்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் உணவு இல்லாதபோதும் சர்க்கரையைக் குறைக்கும். நள்ளிரவில் வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரலாம். ஆதலின் நாம் உண்ணும் வேளையை மருத்துவரிடம் முதலிலேயே கூறி, மருந்தின் வேளையையும் அளவையும் மாற்றிக் கேட்டல் வேண்டும்.

முழுநாள் உபவாசம் இன்னும் கருதத்தக்கது. இன்சுலினையே நம்பி வாழும் சிறார் அதனைத் தாமாக நிறுத்துதல் உயிர்க்கு இடர். அவர்க்கு உபவாசம் வேண்டா. கருவுற்ற மகளிர்க்கும் அஃதே. அவர்தம் வெறும்வயிற்றுச் சர்க்கரை 95க்குக் கீழும், உண்டு 2 மணி நேரங்கழித்து 120க்குக் கீழும் இருத்தல் நலம். முதியோர்க்குச் சர்க்கரையை மிகக் குறைப்பதைவிடத் தாழாமல் காப்பதே முதன்மை. சிறுநீரக நோயுடையார் நீரும் அருந்தாத நோன்பைத் தவிர்க்க வேண்டும். மற்றையோர் மருத்துவர் இசைவுடன் நோற்கலாம்; ஆயினும் பலமுறை அளந்து பார்த்தல் வேண்டும். அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை நிறுத்துதலே முறை. தாழ்ந்தவர்க்கு உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதுவும் புகட்டலாகாது; மருத்துவமனைக்கு விரைக. பாரணையன்று இனிப்பை மிகுதியாக உண்பதும் தீங்கே.

விரல்நுனியில் ஒருதுளிக் குருதி எடுத்தால் நோன்பு கெடுமோ எனச் சிலர் ஐயுறுகின்றனர். அஃது உண்ணலும் அன்று, பருகலும் அன்று. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் தீர்த்தங்கரப் பேற்றுக்குரிய பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்து, தவத்தையும் தியாகத்தையும் 'ஆற்றலுக்கேற்ப' என்று வரையறுக்கிறது. நம் ஆற்றலை அறியாமல் அதற்கேற்ப நோற்பது எங்ஙனம்? நோயாளிக்கு அவ்வாற்றலைக் காட்டும் அளவுகோல் குளுக்கோமீட்டர். உண்ணாநோன்பு இயலாதார்க்குச் சுவை துறத்தலும், அளவாக உண்ணலும், சாத்திரம் ஓதலும், மௌனமும் உள்ளன. அவையும் தவமே. அவர்களைக் குறைத்துப் பேசுதல் அகிம்சைக்கு இழுக்கு.

நம் அறக்கட்டளை நோன்புக்கூடந்தோறும் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வைக்கவும், அதனைப் பயன்படுத்த இளைஞர் இருவரைப் பயிற்றவும் வேண்டுகிறேன். அதுவே இக்காலத்து ஔடத தானம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் வாழ்க!