வீட்டு அவரையும் விதைப் பாதுகாப்பும்

(ஆனித் திங்களில் பழவேற்காட்டிற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலையும் படகும் பற்றிப் பேசுதற்குக் கூடிய இவ்வவையில் அவரைக்கொட்டையைப் பற்றிப் பேச யாம் எழுந்து நிற்பது சிலர்க்கு நகையை விளைத்தல் கூடும். நெய்தல் நிலத்தார்க்கு அவரை எற்றுக்கு என்று வினவுவாரும் உளர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் மலைநாட்டு மகளிர் பறித்துக் குவித்த பூக்களோடு அவரைப் பூவையும் வைத்து எண்ணினார் என்பது உண்மையே. ஆயினும் மொச்சைக்கொட்டை இடாத கருவாட்டுக் குழம்பு நம் வீடுகளில் எத்துணை நாள் செல்லும் என்பதைத் தாய்மார்களே கூறுக. அவரையும் மொச்சையும் ஓரினத்தன என்பர் தாவர நூலார். தோலோடு சமைத்தால் அவரை. கொட்டையை உரித்துச் சமைத்தால் மொச்சை. (மூக்குத்தி அவரை என்று ஒன்று உளது. அது பெயரளவில் அவரை. குடியால் சர்க்கரைவள்ளிக்கு உறவு. பெயரைக்கொண்டு குடியை அறிதல் எங்கும் இயலாது போலும்.)

எம் தாயார் ஏரிக்கரையில் இருந்த எம் வீட்டின் பின்புறத்தே, கிழிந்துபோன வலையைப் பூவரச மரத்திற்கும் கூரைக்குமாக இழுத்துக் கட்டி, அதன்மேல் அவரைக் கொடியை ஏற்றுவார். நம் மணலில் நீர் நில்லாது. கோடையிற் கிணறு உவர்க்கும். அவரையோ உப்பைப் பொறாத பயிர். ஆதலின் முழங்கால் ஆழம் குழி பறித்து, ஆட்டெருவும் அடுப்புச் சாம்பலும் மீன்கழிவும் இட்டு மூடி, சின்னாள் ஆறவிட்டு, ஆடியில் மூன்று விதை ஊன்றுவார். பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் பழைய கொடி அது. மார்கழிப் பனியில் ஊதா நிறமாய்ப் பூத்து, தையிலும் மாசியிலும் விளிம்பு சிவந்த காயை வீடு கொள்ளாது தரும். விதை கறுஞ்சிவப்பு, ஓரத்தே வெள்ளை வரி. உவரில் வாடிய கொடி விதை தாராது. பிழைத்த கொடியின் விதையே மறு ஆண்டு குழிக்குச் செல்லும். இவ்வாறு ஆண்டுதோறும் தெரிந்தெடுத்தலால் அவ்விதை எம் முற்றத்தின் தன்மைக்கு இசைந்து நின்றது என்றே எண்ணுகின்றோம்.

கேட்டார்க்கெல்லாம் தாயார் ஒரு பிடி கொடுப்பார். கேளாதார்க்கும் மடியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் மறைந்தபின் படித்தவராகிய யாம் என் செய்தோம்? ‘இஃது எம் தாயின் நினைவு, பிறர் கைப்பட்டால் வேறு வித்தோடு கலந்து கெடும்’ என்று கருதி, ஒருவர்க்கும் ஈயாமல், ஒரே பானையில் இட்டு மூடிவைத்தோம். 2015-ஆம் ஆண்டு கார்த்திகையில் பெருவெள்ளம் வந்தது. முற்றத்தில் நீர் தேங்கிக் கொடியின் வேர் அழுகிற்று; பானையினுள்ளும் நீர் புகுந்து விதை ஊறிப் புளித்தது. கொடியும் விதையும் ஒருங்கே ஒழிந்தன.

பொன்னேரிக் கடைகளில் உறை விதை வாங்கி ஊன்றினோம். அவை செடியவரை, பந்தல் வேண்டா, பகலின் நீளம் பாரா, எப்பருவத்தும் விரைந்து காய்க்கும். வேளாண்மைக் கல்லூரியார் அரிதின் முயன்று ஆக்கிய அவ்விதைகளை இகழ்தல் நன்றியின்மையாம். ஆயினும் அவை எம் அடுக்களை அறிந்த காய் அல்ல.

ஈராண்டு கழிந்து ஒரு தைத் திங்களில், மாணாக்கன் ஒருவன் பள்ளிக்கு வாராமை பற்றி உசாவுதற்கு இவ்வூர் முஸ்லிம் தெருவொன்றிற்குச் சென்றோம். அவன் பாட்டியார் திண்ணையிலிருந்து பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். வேலியின்மேல் ஊதாப் பூவும் சிவந்த விளிம்புக் காயும்! யாம் பேச்சை மறந்து நின்றோம். அவ்வம்மையார் நிமிர்ந்து நோக்கி, “வாத்தியார் தம்பி, அது உங்கள் அம்மா தந்த விதைதான். மீன் கொண்டுவந்த கூடையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். உங்களிடம் இல்லையா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே!” என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை. யாம் பூட்டி வைத்தது போயிற்று. தாயார் கொடுத்துவிட்டது இருந்தது. அதுவும் நம் தெருவில் இல்லை. நம் மரபினர் வீட்டிலும் இல்லை.

இனி, விதை எடுக்கும் வகையைச் சிறிது கூறுவோம். நல்ல காயையெல்லாம் கறிக்குப் பறித்துவிட்டு, கடைசியில் சூம்பியதை விதைக்கு விடுதல் பலர் வழக்கம். இது பெரும் பிழை. நடுப்பருவத்துக் காய்களுள் நோயற்றவற்றை ஒன்றன்று, பல கொடிகளினின்றும் தெரிந்து, துணிக்கிழி கட்டி, கொடியிலேயே சருகாகும்வரை விடுதல் வேண்டும். பின்னர் உரித்து வெயிலில் உலர்த்துக. பல்லால் கடித்தால் பள்ளம் விழாது ‘டக்’கென்று ஒலித்தலே பதம். நம் ஊர்க்காற்று ஈரமும் உப்பும் உடையது. காலையில் உலர்ந்தது மாலையில் மீண்டும் ஈரம் ஏற்கும். ஆதலின் வெயிலின் சூடு தணிந்தவுடனே, கண்ணாடிப் புட்டியின் அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு கை இட்டு, மேலே துணி விரித்து, அதன்மேல் விதையைப் பெய்து இறுக மூடுக. அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பயற்று வண்டு வயலிலேயே காய்மீது முட்டையிட்டு உடன்வரும் கள்வன். விதைமேல் வெண்புள்ளி காணின் அதனை விலக்குக. சாம்பலிற் பிசறி வைத்தலும், செம்மண் குழம்பு பூசி உலர்த்தலும் முன்னோர் கண்ட காப்புக்கள். எவ்வாறு காப்பினும் இரண்டு மூன்று ஆண்டுக்குமேல் நம்புதற்கில்லை. ஊன்றிப் புதுப்பித்தல் வேண்டும்.

எம் தாயின் விதை கலந்துவிடும் என்று அஞ்சினோமே, அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. அவரை பெரும்பாலும் தன் பூந்தாதாலேயே காய்ப்பது. எனினும் கருநிறத் தச்சு வண்டு பூவுக்குப் பூ செல்லுங்கால் சிறிது கலப்பு நேரும். ஊதாப்பூ அவரையும் வெள்ளைப்பூ அவரையும் ஒரு பந்தலில் ஏறினால் மறு தலைமுறையிற் சில கொடிகள் நிறம் மாறும். காராமணியும் தம்பட்டவரையும் வேற்றினம். அவை அவரையோடு கலவா. எனவே ஒரு முற்றத்திற்கு ஓர் அவரையே விதைக்கு வளர்த்தல் தக்கது.

இவ்விடத்தே நம் ஏரியின் பாடு முறை நினைவிற்கு வருகின்றது. இறால் மிகுதியும் படும் இடங்கள் சில, வலைகளோ பல. வலியவன் நாடோறும் அவ்விடத்தையே பிடித்துக்கொண்டால் மெலியவன் அடுப்பு எரியாது. ஆதலின் சீட்டுக் குலுக்கி, இன்னார்க்கு இன்ன முறை என்று வகுத்தனர் நம் முன்னோர். அம்முறையில் இடம்பெறாதாரோடு விளைந்த பூசல்களை யாவரும் அறிவீர். அதனை இங்கு எடுத்தோம் அல்லேம். முறை வைத்துப் பகிர்தல் நமக்குப் புதிதன்று என்பதே எம் கருத்து. இவ்வாண்டு எவ்வீட்டார் எவ்வவரையை விதைக்கு வளர்ப்பது என்று ஆடிதோறும் சீட்டு எடுத்தால் கலப்பும் நேராது. ஒரு வீட்டில் அழிந்தது மற்றொரு வீட்டில் இருக்கும். ஒரு வகையை மூன்று வீட்டாரேனும் வளர்த்தல் நன்று. அவருள் ஒருவர் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து உறவினராதல் வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் வந்த ஆழிப்பேரலை வீட்டுக்கு வீடு வேற்றுமை பார்த்ததில்லை அன்றோ?

இது புதுக் கொள்கையும் அன்று. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திய நெல் திருவிழாவில், மரபு நெல் விதை இரண்டு கிலோ பெற்ற உழவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தந்தனர். 2018-ல் அவர் மறைந்தார். அவர் பரப்பிய நெல்வகைகள் உழவர் வயல்களில் உள. அமெரிக்க நாட்டிலோ, முன்னோர் பவேரியாவினின்று கொணர்ந்த தக்காளி விதையையும் பூங்கொடி விதையையும் பாட்டனாரிடம் பெற்ற டயன் என்னும் பெண்மணியாரும் அவர் கணவரும், 1975-ல் வீட்டுத் தோட்டத்தார் விதை மாற்றிக்கொள்ளும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அஃது இன்றும் நடைபெறுகின்றது. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுப் பயிர்வகைப் பாதுகாப்புச் சட்டமும், உழவர் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமையளிக்கின்றது.

அவ்வம்மையார் தந்த விதையினின்றும் பெருக்கியவற்றுள் நூற்றிருபதை, அவர் முடைந்த ஓலைப்பெட்டியிலேயே கொணர்ந்துள்ளோம். வீட்டுக்குப் பத்தாகப் பன்னிரண்டு வீட்டார்க்குத் தரலாம். பெற்றோர் அடுத்த மாசியில் இருபதாகத் திருப்பித் தருக. கூட்டம் முடிந்தபின் வாயிலருகே சீட்டு எடுக்கலாம். ஆங்குப் பதினொரு சீட்டுக்களே இருக்கும். பன்னிரண்டாவதில் அவ்வம்மையார் பெயரை முன்னரே எழுதிவிட்டோம். சங்க விதிகளில் இதற்கு இடமுண்டா என்று காரியதரிசி அவர்கள் வினவினார்கள். விதிப் புத்தகத்தை இருமுறை படித்தோம். அவரையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று விடையிறுத்தோம்.