மீன் எண்ணெய் மாத்திரை சுகரைக் குறைக்குமா?

(திருப்பருத்திக்குன்றத்தில் நடந்த குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசும் நம் கூட்டத்தில் இன்று ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

போன மாதம் ஒரு சகோதரி உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "மீன் எண்ணெய் மாத்திரை வாங்கணும். சுகர் இறங்கிடும்னு வீட்டுக்கே வந்து சொன்னாங்க" என்றார். முதல் டப்பா முடிந்து, இரண்டாவது டப்பாவுக்குத்தான் கடன். அதை நம்பி, அரசு ஆஸ்பத்திரி மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார். கூட்டிப் போய் ரத்தம் பார்த்தோம். வெறும் வயிற்றிலேயே 286!

அவரை நாம் குறை சொல்லவில்லை. நோய் வந்தவங்களுக்கு யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோணும். அதனால்தான் உண்மை என்ன என்று விசாரித்தோம்.

மீன் எண்ணெயில் இருப்பது ஒமேகா-3 என்ற கொழுப்பு. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் இருந்தால், அதைக் குறைக்க டாக்டர் இதைக் கொடுப்பதுண்டு. சர்க்கரை வேறு விஷயம். சேமிப்புக் கணக்கில் பணம் போட்டால் கடன் பாக்கி குறையுமா? அதுபோலத்தான் இதுவும்.

2019-ல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள், 83 ஆய்வுகளில் கலந்துகொண்ட சுமார் 1,21,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒமேகா-3 சாப்பிட்டதால் சர்க்கரை நோய் வருவதும் குறையவில்லை, வந்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கவும் இல்லை. 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வில், சர்க்கரை நோய் உள்ள 15,480 பேரில் பாதிப் பேருக்கு மீன் எண்ணெயும், மீதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெயும் ஏழு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே வந்தன.

அப்படியானால் எது பலன் தரும்? நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைச் சீராக்கி, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. நடைக்குக் காசு வேண்டாம். நோய் வந்துவிட்டவர்களோ நடையோடு மாத்திரையையும் விடக் கூடாது.

மீன் சாப்பிடுபவர்கள் மத்தி, கானாங்கெளுத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள், உடம்புக்கு நல்லது. பொரிக்க வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கொல்லாமை சொன்ன சமணக் கோயில் உள்ள ஊர் இது. அந்த மாத்திரைக்குள் இருப்பது மீன் எண்ணெய். சொல்லாமலே விற்றுவிடுவார்கள்.

தறியில் உட்காருகிற நமக்குக் கண்ணும் காலும்தான் சொத்து. புட்டா போட கண் வேண்டும், மிதி மிதிக்க கால் வேண்டும். சர்க்கரை ஏறினால் முதலில் பழுதாகிறவற்றில் இந்த இரண்டும் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காமல், இடையிடையே எழுந்து நடங்கள். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். வருடம் ஒரு முறை கண் பரிசோதனை செய்யுங்கள்.

சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அப்படி வரும் தன்னார்வலர்கள் நம் மாதிரி குழுப் பெண்கள்தான். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக நாம் எடுத்த முடிவு: டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்துவதில்லை. வீடு தேடி வரும் 'சத்து மாத்திரை'க்கு உள்கடன் தருவதில்லை. மருத்துவச் செலவுக்குக் கடன் என்றால் டாக்டர் சீட்டைப் பார்த்துத் தருவோம்.

அந்தச் சகோதரி மனுவைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய மாத்திரையை மறுபடி சாப்பிடுகிறார். சுகர் இறங்கி வருகிறது. இன்று இந்தக் கூட்டத்துக்கும் நடந்தே வந்திருக்கிறார்.