சுவரில் வாழும் முன்னோர்

ஓவியனை அமர்த்திக் குடும்பத்தினரின் உருவத்தை எழுதுவித்தல் ஒருகாலத்தில் அரசருக்கும் செல்வருக்குமே இயல்வதாயிருந்தது. பிரான்சு நாட்டவரான டாகுவேரின் நிழற்படமுறை 1839ஆம் ஆண்டில் உலகிற்கு வெளியிடப்பட்டபின், அப்பேறு மெல்ல மெல்ல எளியோர் இல்லங்களையும் எட்டியது. யாழ்ப்பாணத்து வீடுகளின் விறாந்தைச் சுவரிலே சட்டமிட்ட பாட்டன் பாட்டி படங்கள் இடம்பெற்றமையும் இவ்வாறே.

பெட்டியுள் வைத்துப் பூட்டிய படத்தைப் பற்றி ஒருவரும் வினாவுவதில்லை. சுவரில் தொங்கும் படமோ, "இவர் யார்?" என்று குழந்தையைக் கேட்கச் செய்கின்றது. அவ்வினாவுக்குரிய விடையாகவே ஊரும் உறவும் உழைப்பும் அடுத்த தலைமுறையைச் சென்றடைகின்றன. பெயரறிந்த கடைசி முதியவரும் சொல்லாது கண்மூடிவிட்டால், படத்திலுள்ளவர் தம் வீட்டிலேயே அயலாராகிவிடுவார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, கைக்கு அகப்பட்டவற்றோடு புறப்பட்டோர் பலர். சுவரில் விட்டுவந்த படங்கள் பல மீளவில்லை. எனினும், அவற்றின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு முன்னோர் மறைந்துவிடவில்லை.

ஆதலால், நேர்வெயிலும் ஈரமும் படாத சுவரிலே படத்தை மாட்டுதல் வேண்டும். அதன் பின்புறத்தே பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதிவைத்தல் வேண்டும். கண்ணாடியைத் துடைக்குந்தோறும் அப்பெயரைச் சிறுவர்க்கு ஒருமுறை சொல்லுதல் அதனினும் நன்று.